மோட்டுவளையும் ரீப்பரும்

கூரைமரச் சொற்கள் பற்றிய ஓர் ஆய்வு

தமிழ்க் கதைகளில் அடிக்கடி வரும் காட்சி ஒன்று உண்டு. கவலை மிகுந்த ஒருவன் பாயில் மல்லாந்து படுத்தபடி மோட்டுவளையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். படிப்பவர் எவருக்கும் அவன் மனநிலை விளங்கிவிடும். ஆனால் அவன் பார்த்தது எதனை என்று கேட்டால் விடை சொல்வோர் சிலரே. ஈப்போ நகரத்து வரிசை வீடுகளில் வளரும் மாணவன் படுத்தபடி மேலே நோக்கினால் அவன் கண்ணிற் படுவது வெள்ளையடித்த மேற்பலகை. அங்கே மோடும் இல்லை, வளையும் இல்லை.

மோடு என்பது முகடு. வளை என்பது கூரையின் பாரத்தைத் தாங்கும் மரம். கூரையின் உச்சியில் நெடுகக் கிடந்து, இரு புறத்துச் சரிவுகளையும் ஒன்றாகப் பிடித்து நிற்கும் மரமே மோட்டுவளை. மரம் வீட்டை விட்டு நீங்கிவிட்டது. அதனைப் பார்த்த பார்வை மட்டும் மொழியில் தங்கிவிட்டது.

வீடு மாறும்போது வீட்டைச் சார்ந்த சொற்களும் மாறுவது இயல்பு. ஆயினும் இந்த மாற்றத்தைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் நெடுநாளாக வழங்கி வருகின்றன. தோட்டத்துத் தமிழர் வாயில் ரீப்பர், பெரோத்தி, அத்தாப்பு என்று வருவன எல்லாம் தமிழ் சிதைந்ததன் அடையாளம் என்பது ஒன்று. ஒவ்வோர் அயற்சொல்லுக்கும் நேரான தமிழ்ச்சொல் ஒன்றைப் பட்டியலில் எழுதிவிட்டால் குறை தீர்ந்தது என்பது மற்றொன்று. இவ்விரு தீர்ப்புகளும் எவ்வளவு பொருந்தும் என்பதைக் கூரையை அண்ணாந்து பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

கூரை சொல்லும் இலக்கணம்

கூரையில் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலையே அதற்குப் பெயர். நிலத்தில் ஊன்றி நிற்பது கால் அல்லது தூண். சுவருக்குச் சுவர் குறுக்கே கிடந்து பாரம் ஏற்பது உத்திரம். விட்டம் என்றும் சொல்வர். உத்திரத்தின் நடுவில் செங்குத்தாக நின்று முகட்டைத் தாங்குவது குத்துக்கால். முகட்டிலிருந்து சுவர்த்தலை நோக்கிச் சரிந்து இறங்குபவை கைமரங்கள். உடலிலிருந்து இரு கைகள் இறங்குவது போன்ற தோற்றம் அது. கைமரங்களின் மேல் குறுக்காக வரிசையாய் ஓடும் மெல்லிய மரங்களே வரிச்சு என்றும் ரீப்பர் என்றும் யாழ்ப்பாணத்தில் சிலாகை என்றும் வழங்குபவை. அவற்றின் மேல் கீற்றோ ஓடோ அமரும்.

வீட்டில் நிலைத்து நில்லாமல் வேலை முடியும் வரை மட்டும் உதவும் மரங்களும் உண்டு. ஆள் ஏறி நிற்கக் கட்டுவது சாரம். சாயும் சுவரையோ தொய்யும் உத்திரத்தையோ தாங்க நிறுத்துவது முட்டு. சரிவாக ஊன்றி எதிர்த்து நிற்பது உதைகால்.

மரக்கடைக்காரர் இவற்றை எல்லாம் அளவால் மட்டுமே அறிவார். இரண்டங்குலத்துக்கு ஓரங்குலம் என்று அவர் அறுத்து விற்கும் ஒரே துண்டு, கூரையில் ஏறினால் ரீப்பர்; கதவில் அமர்ந்தால் சட்டம்; சுவரோரம் ஊன்றினால் முட்டு. ஆங்கிலத்தில் பேட்டன் என்ற ஒரே சொல் கூரையிலும் கதவிலும் கப்பற்பாயிலும் வரும். அதற்குத் தமிழ் என்ன என்று மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார். அந்த மரம் எங்கே போகிறது என்று தச்சர் கேட்கிறார். தச்சர் கேள்விக்கு விடை காணாமல் மொழிபெயர்ப்பாளர் கேள்விக்கு விடை எழுதுவதிலேதான் பட்டியல்களின் பிழை தொடங்குகிறது. சட்டம் என்ற ஒரு சொல்லை எல்லா இடத்துக்கும் எழுதிவிடுவது எளிது. ஆனால் கூரையின் மேல் சட்டம் அடிக்கச் சொன்னால் கேட்கும் தச்சர் எதை அடிப்பார்?

பழந்தமிழ்ப் புலவர் தச்சர் பேச்சை இழிவாகக் கருதியவர் அல்லர். நெடுநல்வாடையில் அரண்மனை எழுப்பும் பகுதியைக் காண்க. நண்பகல் நிழலைக் கொண்டு திசை அறிந்து, நூல் பிடித்து மனை வகுப்பதை நக்கீரர் படிப்படியாகக் கூறுகிறார். வாயிலின் மேல்மரத்தைச் சொல்லும் இடத்தில் அதன் பெயரை நேரே சொல்லாமல், ஒரு விண்மீனின் பெயரைத் தாங்கிய மரம் என்று மறைத்துச் சொல்கிறார். உத்தரம் என்ற விண்மீனையும் உத்தரம் என்ற மரத்தையும் கேட்போர் ஒருங்கே அறிந்திருந்தால் அல்லவா இந்த நயம் புலப்படும்? கட்டடத் தொழிலின் சொல் அவைக்களம் வரை ஏறியிருந்த காலம் அது.

கட்டுவதும் அறைவதும்

வரிச்சு இருக்க ரீப்பர் எதற்கு என்பது தூய தமிழ் விரும்புவோர் வினா. வினா நியாயமானது. விடை இரு சொற்களின் பொருளிலும் அடங்கியிருக்கிறது.

மூங்கிலைப் பிளந்தால் கிடைப்பது பிளாச்சு. பிளத்தல் தொழிலால் வந்த பெயர் அது. அதே பிளாச்சைக் கைமரத்தின் மேல் குறுக்கே வைத்துக் கயிற்றாலோ நாராலோ வரிந்து கட்டினால் அது வரிச்சு. வரிதல் என்றால் இறுகக் கட்டுதல். இடுப்பில் துணியை வரிந்து கட்டிக்கொண்டு வேலைக்கு இறங்கினான் என்ற வழக்கில் அச்சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆகவே வரிச்சு என்ற பெயரிலேயே கயிறு இருக்கிறது, ஆணி இல்லை. மூங்கில் வரிச்சைக் கட்டி இரு புறமும் மண் அப்பிச் சுவர் எழுப்பிய இடங்களிலும் கட்டுத் தொழிலே முதன்மை. கீற்றும் வைக்கோலும் வேய்ந்த கூரைக்கு இது போதும். சிறிது வளைந்த மூங்கிலானாலும் கீற்று அதற்கேற்ப இணங்கிக் கொடுக்கும்.

பின்னர் வந்தது மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சபையினர் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். தமிழ்நாட்டில் சீமை ஓடு என்று பெயர் பெற்ற இந்தத் தட்டை ஓட்டின் அடிப்புறத்தில் ஒரு மூக்கு உண்டு. அம்மூக்கு ஒரு மரத்தைக் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு வரிசை ஓட்டுக்கும் அடுத்த வரிசைக்கும் இடைவெளி சற்றேறக்குறைய ஓரடி. அந்த அளவு எங்கும் பிசகக்கூடாது. பிசகினால் ஓடு அமராது. அமராத ஓட்டின் வழியே மழைநீர் உள்ளே இறங்கும். ஆகவே அறுத்து நேராக்கிய மரம் தேவைப்பட்டது. அது ஆணி கொண்டு அறையப்பட்டது. கட்டப்பட்டது வரிச்சு என்றால் அறையப்பட்டது ரீப்பர். பொருள் மாறியது, தொழில் மாறியது, அதனாலேயே பெயரும் மாறியது. தமிழன் தன் மொழியை வெறுத்து வரிச்சைக் கைவிட்டான் என்பது பொருந்தாத குற்றச்சாட்டு.

ரீப்பர் யாருடைய சொல்?

இன்னும் ஒன்று. ரீப்பர் ஆங்கிலம் என்று எண்ணியே அதனைத் தள்ள முனைகின்றனர். ஆங்கில நாட்டில் ரீப்பர் என்றால் கதிர் அறுப்பவன். அல்லது அறுவடைப் பொறி. கூரை மரத்துக்கும் கதிர் அறுப்புக்கும் என்ன தொடர்பு?

யூல், பர்னல் ஆகிய இருவரும் தொகுத்து 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் அகராதி இதற்கு வழி காட்டுகிறது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சில் கலந்த கீழ்நாட்டுச் சொற்களைத் தொகுத்த நூல் அது. தொகுத்தவருள் பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். அந்நகர அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். ஓட்டைத் தாங்கும் மெல்லிய குறுக்கு மரத்தை இந்தியாவிலுள்ள ஆங்கிலேயர் ரீப்பர் என்பர் என்றும், இந்துஸ்தானி அகராதிகளில் அச்சொல் காணப்படவில்லை என்றும், மராத்தியில் ரீப் என்ற சொல் அப்பொருளில் உண்டு என்றும் அந்நூல் குறிக்கிறது. ஆங்கிலேயர் இந்திய நாட்டுச் சொல்லொன்றைத் தம் நாவுக்கேற்ப ரீப்பர் ஆக்கினர். தமிழர் அதனை ஆங்கிலம் என்று எண்ணி வாங்கிக்கொண்டனர் என்பதே இதனாற் பெறப்படும். அண்டை வீட்டுச் சொல் அயல்நாட்டுச் சட்டை அணிந்து வந்தது.

இத்தகைய சுற்றுப்பயணம் வேறு சொற்களுக்கும் நேர்ந்ததுண்டு. குடோன் என்று பலர் ஆங்கிலமாக எண்ணிச் சொல்வது கிடங்கு என்ற தென்னாட்டுச் சொல்லே. அது மலாயில் கூடாங் ஆயிற்று. அதிலிருந்து ஆங்கிலத்தில் கோடவுன் ஆயிற்று. மீண்டும் தமிழனிடம் குடோனாக வந்து சேர்ந்தது. வீட்டுப் பிள்ளையை விருந்தாளி என்று எண்ணி வரவேற்பதும், விருந்தாளி என்று எண்ணி விரட்டுவதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள்.

லயத்து வீட்டின் கூரை

பேராக் மாநிலத்துக்கு வருக. 1877-ல் கோலகங்சாரில் சில ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களைச் சூழ்ந்தும் அவற்றுக்கு அப்பாலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்க்கு அமைந்த வீடு லயம். லைன் என்ற ஆங்கிலச் சொல்லே லயம் ஆயிற்று என்பது யாவரும் அறிந்தது. வீட்டின் பெயரே அயற்சொல் ஆனபோது கூரையின் பெயர் மட்டும் ஊர்ப்பெயராய் நிற்குமா?

தொடக்ககாலத்துக் கூரை நீப்பா ஓலையால் ஆனது. மலாய்க்காரர் அதனை ஆத்தாப் என்பர். தமிழர் அத்தாப்பு என்றனர். இது தென்னங்கீற்றும் அன்று, பனையோலையும் அன்று. நீண்ட குச்சி ஒன்றில் ஓலையை மடித்துத் தைத்து, அடுக்கடுக்காக வேய்வது. கீற்று என்று சொன்னால் வேறொரு பொருளாகிவிடும் என்பதை அறிந்தே தொழிலாளி அத்தாப்பு என்றான். சொல்லைக் கடன் வாங்கியதில் அவன் காட்டிய நுட்பம் பட்டியல் எழுதுவோர் பலரிடம் இல்லை.

அத்தாப்புக்குப் பின் வந்தது தகரக் கூரை. வளைவு வளைவாக அழுத்திய தகரம் தானே விறைத்து நிற்கும். ஓட்டுக்கு வேண்டியது போல ஓரடிக்கு ஒரு குறுக்கு மரம் அதற்குத் தேவையில்லை. கூரையில் வரிச்சு இல்லாத வீட்டில் பிறந்த குழந்தைக்கு வரிச்சு என்ற சொல்லை யார் கற்பிப்பார்? சொல் இறந்ததற்குக் காரணம் பற்றின்மை அன்று. அது குறித்த பொருளே கண்ணுக்கு மறைந்தமைதான்.

மலாயாவில் மரமறுக்கும் தொழிலும் தச்சுத் தொழிலும் பெரும்பாலும் சீனர் கையில் இருந்தமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. தமிழ்நாட்டில் தச்சர் மரபு தந்தையிடமிருந்து மகனுக்குத் தொழிலோடு சொல்லையும் சேர்த்தே கொடுத்தது. தோட்டத்தில் பால்மரம் சீவியவனுக்கு அந்தக் கொடை இல்லை. ஒரு துண்டு மரம் வேண்டுமென்றால் சீனர் கடையில் மலாய்ச் சொல்லாற் கேட்கவேண்டும். அங்கே அதன் பெயர் பெரோத்தி.

பெரோத்தியும் மலாய் மண்ணில் பிறந்ததன்று. பாரோத்தே என்ற போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு அது. 1511-ல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் 1641 வரை அங்கே ஆண்டனர். அவர் போயினர், அவர் வீட்டு மரத்தின் பெயர் நின்றது. இதே போர்த்துக்கீசியர் யாழ்ப்பாணத்தில் விட்டுச் சென்ற சொற்களுள் ஒன்று தீராந்தி. உத்திரத்தைக் குறிக்கும் இச்சொல் திராந்தே என்பதன் திரிபு. 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்ட காலம் முதல் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பேராக்கில் இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் பணி புரிந்தனர். இவ்வாறு ஒரே மாநிலத்தில் யாழ்ப்பாணத்தார் தீராந்தியும் கடைக்காரரின் பெரோத்தியும் எதிர்ப்பட்டன. ஒரே தாய்நாட்டுச் சொற்கள் இரண்டு, இரண்டு கடல்களைக் கடந்து வந்து, ஒன்றையொன்று அடையாளம் காணாமல் நின்றன. சன்னல் என்ற தமிழ் வழக்கும் ஜெண்டேலா என்ற மலாய் வழக்கும் ஜனேலா என்ற போர்த்துக்கீசியச் சொல்லின் மக்களே ஆதலும் இங்கே கருதத்தக்கது.

கடன் ஒரு பக்கமாக மட்டும் நடந்ததில்லை. மலாய் வீட்டில் படுக்கும் காத்தில் தமிழின் கட்டில்; பொருள் வைக்கும் பெத்தி தமிழின் பெட்டி; வாங்கச் செல்லும் கெடாய் தமிழின் கடை. கொடுத்ததைப் பெருமையாகவும் வாங்கியதை இழிவாகவும் எண்ணுவது வணிக அறமும் ஆகாது. மொழி அறமும் ஆகாது.

இரு சாராரின் குறைகள்

இதனால், வந்த சொல் எல்லாம் வாழ்க என்று கூறுதல் பொருந்துமோ எனின், பொருந்தாது. ரீப்பரை ஏற்பதற்குக் காரணம் உண்டு. அது ஒரு புதிய பொருளோடு வந்தது. ஆனால் முட்டுக் கொடுக்க வேண்டிய இடத்தில் சப்போர்ட் கொடுப்பதற்கு அத்தகைய காரணம் யாது? முட்டு, தாங்கல், உதைகால், ஊன்றுகோல் என்று நான்கு சொற்கள் நான்கு வகைத் தாங்குதலை வேறு பிரித்துக் காட்டுகின்றன. நேர்நின்று ஏந்துவது ஒன்று. சாய்ந்துநின்று எதிர்ப்பது ஒன்று. சப்போர்ட் என்ற சொல் நான்கையும் விழுங்கி வேறுபாட்டை அழித்துவிடுகிறது. சாயும் சுவரின் அருகே நிற்பவனுக்கு இந்த வேறுபாடு உயிரைக் காக்கும் வேறுபாடு ஆகும். நேராக நிறுத்த வேண்டியதைச் சரிவாக நிறுத்தினால் மேலிருந்து இறங்கும் பாரத்தில் அது வழுக்கிவிடும்.

தூய்மை நாடுவோர் குறையும் இதற்கு இளைத்ததன்று. அவர்கள் அகராதியைத் திறந்து ஒரு சொல்லை எடுத்துத் தருகின்றனர். அது எந்த ஊரில் எந்த மரத்துக்கு வழங்குகிறது என்று கேட்பதில்லை. சிலாகை யாழ்ப்பாணத்தில் ஓட்டைத் தாங்கும் மரம். தமிழ்நாட்டில் சலாகை என்றால் கம்பியை நினைப்பவரும் உண்டு. சாரம் தமிழ்நாட்டில் கட்டடத்தின் புறத்தே கட்டுவது; யாழ்ப்பாணத்தில் ஆடவர் இடுப்பில் உடுத்துவது. ஈப்போவில் இரு வழக்கினரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். சாரம் கட்டிக்கொண்டு வா என்று ஒருவர் சொன்னால் மற்றவர் என்ன செய்வார் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. தமிழுக்கு அது செய்த தொண்டு அளவிடற்கரியது. ஆயினும் தொழிற்சொற்களைப் பொறுத்தவரை எந்தப் பொது அகராதிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வரி விளக்கத்தால் வரிச்சுக்கும் ரீப்பருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இயலாது. அதற்குக் கூரையின் படம் வேண்டும், ஊர்ப்பெயர் வேண்டும், கட்டும் முறை பற்றிய குறிப்பு வேண்டும்.

இப்பணி ஆகாத பணியன்று. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி ஊர் ஊராகச் சொல் திரட்டச் செய்து 1962-ல் உழவுத் தொழிற் சொற்களின் தொகுதியை வெளியிட்டார். அதே வரிசையில் வீடு கட்டும் தொழிலின் சொற்களுக்கென்றே ஒரு தொகுதியைப் பூதராஜு ராதாகிருஷ்ணா ஆக்கினார். தமிழில் கி. ராஜநாராயணன் 1982-ல் தந்த வழக்குச் சொல்லகராதி, ஒரு வட்டாரத்தின் பேச்சை ஒருவர் முயற்சியாலேயே காக்க முடியும் என்பதைக் காட்டிற்று. மலேசியத் தோட்டத் தமிழுக்கும் இத்தகைய தொகுப்பு வேண்டும். லயத்து வீட்டின் படம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு மரத்தின் எதிரிலும் முதியோர் சொல்லும் பெயரை எழுதினாலே தொடக்கமாகிவிடும். எது தமிழ், எது மலாய், எது போர்த்துக்கீசியம் என்ற தீர்ப்பைப் பின்னர் எழுதலாம். முதலில் சொல் கைக்கு வரட்டும்.

காலம் அதற்குக் காத்திராது. பேராக்கின் பழைய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டுமனைகளாகியும் மறைந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. ரப்பர் மரத்தின் கதையும் மாறியது. பால் வற்றியபின் விறகாகவும் தோட்டத்துப் புகைக்கூட எரிபொருளாகவும் போன மரம், பூச்சியும் பூஞ்சையும் அணுகாமல் பதப்படுத்தும் முறை பரவியபின், 1980-களிலிருந்து மேசையும் நாற்காலியுமாகி உலகச் சந்தைக்குச் செல்கிறது. அதன் பட்டையைச் சீவும் முறைக்கு நுண்ணிய சொற்களை வைத்திருந்த தமிழனிடம், அறுத்த அதன் துண்டுக்குத் தனிச்சொல் இல்லை. மரம் அறுபடும் காலத்தில் அவன் அத்தோட்டத்தில் இல்லை.

பத்து காஜாவுக்கு அருகில் கெல்லி மாளிகை நிற்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-ல் அதன் பெரிய கட்டடத்தைத் தொடங்கினார். கட்டியவருள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர். முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய கொடிய காய்ச்சல் அவர்களுள் பலரைக் கொண்டுபோயிற்று. அவர்கள் வேண்ட அருகில் ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது. அதன் மேலுள்ள சிலைகளுக்கிடையே தொப்பி அணிந்து நிற்கும் உருவம் அத்துரையினுடையது என்பர். 1926-ல் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகை முடிவுறாமலே நின்றுவிட்டது.

காண வருவோர் துரையின் பெயரைக் கேட்டறிந்து செல்கின்றனர். அச்சுவர்களின் புறத்தே சாரம் கட்டியபோதும், வளைவுகளுக்கு அடியில் முட்டு நிறுத்தியபோதும், அத்தொழிலாளர் ஒருவரையொருவர் கூவி அழைத்துச் சொன்ன சொற்கள் யாவை என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. கட்டடம் நின்றதும் சாரத்தைப் பிரித்துவிடுவது கட்டுவோர் வழக்கம். மொழியில் அவ்வாறு செய்தல் ஆகாது. அங்கே சாரமும் கட்டடத்தின் ஒரு பகுதியே.